பதக்கத்துக்கு முந்தைய செலவு

சைக்கிள் பந்தயப் பயிற்சியாளர் என்று தெரிந்து என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவார்கள்: "சார், கவர்மென்ட்ல பணம் தர்றாங்களாமே, யாரைப் பார்க்கணும்?" கேள்வியில் தப்பே இல்லை. பணம் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்த காலத்தோடு ஒப்பிட்டால் நிறையவே இருக்கிறது. ஆனால் அது எந்தக் கட்டத்தில் வரும், அதுவரை வீடு எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் இருக்கிற உதவிகளைப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு 6,28,000 ரூபாய் ஒதுக்கீடு. இந்தத் தொகையைக் கேட்டதும் அத்தனையும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் விழும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கைக்கு வருவது மாதம் 10,000 ரூபாய்தான், வருடத்துக்கு 1,20,000. மீதி 5,08,000 பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, உபகரணம் என்று அகாடமி வழியாகச் செலவாகும். அவ்வப்போது செயல்திறனைப் பார்ப்பார்கள். அது இறங்கினால் பெயரும் பட்டியலிலிருந்து இறங்கிவிடும். அதற்கும் மேலே, 2014-ல் தொடங்கிய ஒலிம்பிக் இலக்குத் திட்டமான டாப்ஸ். அதில் முதன்மைக் குழுவில் இருப்பவர்களுக்கு மாதம் 50,000, வளரும் வீரர்கள் குழுவுக்கு 25,000.

தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மூன்று படிகளில் உதவுகிறது. உலக அளவில் நிற்பவர்களுக்கு எலைட், சர்வதேசப் பதக்கத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு மிம்ஸ், 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாம்பியன்ஸ் டெவலப்மென்ட் திட்டம். 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் வந்தது. உபகரணம் வாங்க, போட்டிக்குப் போய்வர என்று குறிப்பிட்ட தேவைக்கு இதில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். எங்கள் விளையாட்டுக்கு இது பெரிய ஆறுதல். காரணம் எளிது: கபடிக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் இல்லாத ஒரு செலவு எங்களுக்கு உண்டு. பந்தய சைக்கிள்.

சரி, இதையெல்லாம் பெற என்ன கேட்பார்கள்? அநேகமாக எல்லாவற்றுக்கும் தேசிய அளவில் வாங்கிய பதக்கம் அல்லது முன்னணி இடம். பன்னிரண்டு வயதில் தொடங்கும் பிள்ளை, எல்லாம் ஒழுங்காக நடந்தால், பதினைந்து பதினாறு வயதில் அந்த மேடையை எட்டும். செலவு முழுக்க அதற்கு முந்தைய வருடங்களில்தான். நல்ல பிள்ளைகளை நாம் இழப்பதும் அங்கேதான். கால்களில் வலு இல்லாமல் விட்டுப்போனவர்களைவிட, டயருக்குக் காசில்லாமல் விட்டுப்போனவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செலவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நோட்டைக் காட்டுகிறேன். தென்மாவட்டத்தில் பெயின்ட் வேலைக்குப் போகும் ஒரு அப்பா, மகளுக்காக எழுதிவைக்கும் கணக்கு நோட்டு அது. முதல் வரி பெட்ரோல். காலை ஐந்து மணிக்கு நான்குவழிச் சாலையில் அவள் சைக்கிளை மிதிக்கும்போது, பின்னாலேயே டிவிஎஸ்ஸில் ஹஸார்டு விளக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர் போக வேண்டும். லாரிகள் போகிற சாலையில் பெண் பிள்ளையைத் தனியாக விட முடியாது. அடுத்து முட்டை, நிலக்கடலை, வாழைப்பழம். நீண்ட பயிற்சியில் இடையில் தின்னக் கடலை மிட்டாய் (கடையில் விற்கும் வெளிநாட்டு எனர்ஜி பாருக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல). அப்புறம் டயர், டியூப், செயின், பிரேக் கட்டை. வடநாட்டில் தேசியப் போட்டி என்றால் அவளுக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் டிக்கெட், போன இடத்தில் லாட்ஜ், அவர் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. கடைசியாகச் சொன்னதை அவர் நோட்டில் எழுதியிருக்க மாட்டார். நான்தான் கேட்டு எழுதவைத்தேன். குடும்பத்துக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொகை.

ரயிலில் சைக்கிள் கொண்டுபோவதே ஒரு தனி வேலை. சக்கரங்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, ஃபிரேமுக்குத் துணி சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையோ பழைய ஹப்போ (சக்கரத்தின் நடு அச்சுப்பகுதி) செருகாமல் விட்டால், பெட்டி மேல் யாராவது மூட்டையை எறியும்போது ஃபோர்க் விரிசல் விட்டுவிடும். எடை குறைந்த கார்பன் ஃபைபரில் செய்த ஃபோர்க் என்றால் அத்துடன் முடிந்தது. அந்த அப்பா அளந்து இழைத்த ஒரு வேப்பங்கட்டையை எப்போதும் பெட்டியிலேயே போட்டு வைத்திருப்பார்.

இந்த இடைக்காலத்தில் பெற்றோர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மாவட்டப் போட்டியில் ஜெயித்ததும், "கார்பன் சைக்கிள் இருந்தால்தான் மேலே போக முடியும்" என்று யாராவது சொல்வார்கள். உடனே நகை அடகுக்குப் போகும், சில வீடுகளில் வட்டிக்கு வாங்குவார்கள். தயவுசெய்து வேண்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றரை வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிடும். இன்று பொருந்தும் 48 செ.மீ. அளவு ஃபிரேம் அப்போது முழங்கால் வலியைத்தான் கொடுக்கும். இரண்டு மூன்று லட்சம் கொடுத்து வாங்கியதை விற்கப்போனால் பாதிகூடத் தேறாது, வட்டி மட்டும் முழுசாக நிற்கும். அந்த வயதுக்கு அளவு பொருந்திய பழைய அலுமினிய சைக்கிள் தாராளமாகப் போதும். போட்டி நாளுக்கு நல்ல சக்கரங்களை மூத்த வீரர்களிடம் இரவல் கேட்கலாம். என் அனுபவத்தில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், அவர்களும் இரவல் சக்கரத்தில் ஓடி வந்தவர்கள்தானே.

பணம் முன்கூட்டியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில், 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மரத்தளம் போட்ட வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கான வட்டத் தடம் உண்டு. அங்கேயே தேசிய சைக்கிளிங் அகாடமி நடக்கிறது. பிள்ளைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சைக்கிள், பயிற்சி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அங்கே பயிற்சி பெற்ற அந்தமானின் ஈசோ ஆல்பன் 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் ஜூனியர் உலகப் போட்டியின் கெய்ரின் பிரிவில் (மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஓட்டி, கடைசிச் சுற்றுகளில் வேகமெடுக்கும் பந்தயம்) வெள்ளி வாங்கினார். அடுத்த வருடம் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் (ஓடர்) நகரில் இந்திய ஜூனியர் அணி டீம் ஸ்பிரின்ட் என்னும் குழு வேகப் பந்தயத்தில் உலகத் தங்கமே வாங்கியது. அந்த அணியில் இருந்த மணிப்பூரின் ரொனால்டோ சிங் 2022-ல் ஆசிய டிராக் சைக்கிளிங் சாம்பியன்ஷிப்பின் ஸ்பிரின்ட்டில் வெள்ளி வாங்கினார். பையன்கள் டயர் விலையை யோசிக்காமல் வளர்ந்தார்கள், பதக்கம் பின்னால் வந்தது.

அரசுதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த டேவ் ரேனர் என்ற தொழில்முறை வீரர் 1994-ல் 27 வயதிலேயே இறந்துபோனார். அவர் நினைவாக நண்பர்கள் ஒரு நிதி தொடங்கினார்கள். வருடாந்தர விருந்து நடத்திப் பணம் திரட்டி, பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற நாடுகளுக்குப் போய்ப் பந்தயம் ஓட விரும்பும் இளைஞர்களின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போவது பெரிய தொகை அல்ல. ஒரு பருவம் முழுக்க அங்கே தங்கி ஓட அது வழிசெய்யும், அவ்வளவுதான். 2013-ல் பெல்ஜியத்தின் புகழ்பெற்ற லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தை வென்ற டான் மார்ட்டினும், 2016 டூர் டி பிரான்ஸில் சிறந்த இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சி பெற்ற ஆடம் யேட்ஸும் அந்த நிதியில் ஓடியவர்கள்தான். நம் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டமாக ஓட்டும் சைக்கிள் கிளப்புகள் இப்போது நிறைய இருக்கின்றன. ஒரு கிளப் ஒரு பிள்ளையின் டயர் செலவையும் வருடத்துக்கு ஒரு வெளிமாநிலப் பயணத்தையும் ஏற்றால், நான் சொன்ன கணக்கு நோட்டு அப்பாவைப் போன்றவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சிச் செலவு சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) கணக்கில் சேரும்.

இனி காகித வேலை. தகுதி இருந்தும் உதவி தவறிப்போவதற்கு நான் கண்ட காரணங்களில் முதலாவது இன்ஷியல். ஆதாரில் இன்ஷியல் முன்னால், பள்ளிச் சான்றிதழில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, போட்டிச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். சரிபார்க்கிறவருக்கு இவர்கள் நாலு பேர். பிள்ளை முதல் போட்டிக்குப் பதிவு செய்யும் முன்பே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கைத் தொடங்கி ஆதாரை இணைத்துவையுங்கள். பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டி கீழ்ப் பிரிவில் ஓடவைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எலும்பு சோதனையில் மாட்டினால் தடை, அதோடு எல்லா உதவியும் போய்விடும்.

போட்டி முடிந்த அன்றே முடிவுப் பட்டியலைப் படம் எடுத்துவையுங்கள். சான்றிதழ் கையில் வந்ததும் ஸ்கேன் செய்யுங்கள். அது தேசிய சைக்கிளிங் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற போட்டிதானா என்று பதிவுக் கட்டணம் கட்டும் முன்பே கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத போட்டியில் வாங்கிய தங்கம் விண்ணப்பத்தில் எண்ணப்படாது. சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு எழுதும்போது, "சைக்கிள் வாங்க உதவி தேவை" என்று ஒற்றை வரியில் எழுதாமல் கடைக்காரரின் விலைப்பட்டியல், ஃபிரேம் அளவு, பிள்ளையின் கடைசி இரண்டு வருட நேரங்கள், அடுத்து வரும் போட்டியின் தேதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பயிற்சியாளரின் கடிதம் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். கடிதம் எழுதித் தருவதும் எங்கள் வேலைதான், அதற்குத் தனியாகக் காசு கேட்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.