டீடு: பத்திரமா, ஆவணமா, பட்டாவா?

அமெரிக்காவில் வீடு வாங்கிய தமிழர், வீட்டின் உரிமையை மாற்றும் தாளைத் தமக்குள் பேசும்போது 'டீடு' என்றே சொல்கிறார்கள். ஊரிலிருக்கும் பெற்றோரிடம் சொல்லும்போது அது 'பத்திரம்' ஆகிறது. சில வீடுகளில் 'பட்டா' என்றும் ஆகிவிடுகிறது. பத்திரம் என்பது பெரும்பாலும் பொருந்தும். பட்டா பொருந்தவே பொருந்தாது. பட்டா வருவாய்த்துறை தரும் சான்று. டீடு விற்பவர் வாங்குபவருக்கு எழுதிக் கொடுப்பது. பட்டாவுக்குக் கொஞ்சமாவது நெருங்கி வருவது அங்குள்ள 'அசெஸர்' (சொத்துவரி மதிப்பீட்டாளர்) அலுவலகத்தின் வரிப்பதிவேடு. அந்த ஏட்டில் ஒருவர் பெயர் இருப்பதால் மட்டும் வீடு அவருடையதாகிவிடாது.

'டீடு' என்ற சொல்லின் முதற்பொருள் காகிதமே அல்ல. 'செய்' என்று பொருள்படும் ஆங்கில வினை 'டூ' எந்த வேரில் பிறந்ததோ, அதே வேரில் பிறந்த பெயர்ச்சொல் அது: செய்கை, செயல். பழைய ஆங்கிலத்தில் அவ்வளவுதான் பொருள். எழுதி முத்திரையிட்ட ஆவணம் என்ற பொருள் இடைக்கால ஆங்கிலத்தில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு. அக்கால இங்கிலாந்தில் நிலம் கைமாற, இருவரும் அந்த நிலத்திலேயே நின்று, விற்பவர் ஒரு மண்கட்டியையோ மரக்கொப்பையோ எடுத்து வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் செய்கைதான் உரிமையை மாற்றியது. எழுத்து இருந்தால் அது வெறும் சாட்சி. நில உரிமை மாற எழுத்து வேண்டும் என்று 1677-இல் அங்கே சட்டம் வந்தது. நாளடைவில் காகிதமே செய்கையின் இடத்தைப் பிடித்தது, பெயரும் அதோடு போயிற்று.

நமக்கு இது புதிதல்ல. தாரை வார்த்துக் கொடுத்தல் என்பதும் இதே வகைச் செய்கைதான். 'நீர் வார்த்துக் கொடுத்தோம்' என்று கல்வெட்டுகள் சொல்வது நீர் விழுந்த கணத்தில் உரிமை மாறிய கொடையை.

இந்தப் பழைய பொருள் இன்றும் அமெரிக்கச் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. டீடில் கையெழுத்து போட்டால் மட்டும் போதாது. எழுதிக் கொடுப்பவர் அதை ஒப்படைக்க வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும். அப்போதுதான் வீடு மாறுகிறது. மகளுக்கு வீட்டை எழுதிக் கையெழுத்திட்டு, 'என் காலத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளட்டும்' என்று தகப்பனார் பெட்டியில் பூட்டி வைத்தால், அவர் இறந்த பின் அந்தத் தாள் பெரும்பாலும் செல்லாது. ஒப்படைப்பு நடக்கவில்லை என்பதே காரணம். இறப்புக்குப் பின் மாறும் டீடு என்று தனி வகையே சில மாநிலங்களில் உண்டு. டெக்சாஸில் 2015-இலும் கலிபோர்னியாவில் 2016-இலும் வந்தது. டெக்சாஸில் எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அதைக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) பதிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் நோட்டரி முன் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். 61-ஆம் நாள் போனால் பயனில்லை.

இனி தமிழ்ச் சொல். 'பத்திரம்' வடமொழியில் இலை. நம் 'ஓலை' என்பதன் நேர் இணை அது. 'கிரயம்' விலைக்கு வாங்குதல், இதுவும் வடசொல். இவற்றுக்கு முந்தையது 'ஆவணம்'. குடவோலைக் குடத்தின் கட்டை அவிழ்த்து ஓலை எடுக்கும் 'ஆவண மாக்கள்' அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே வருகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டில் நிலம் விற்ற ஆவணம் 'விலையாவணம்'. ஆவணங்களைப் பதியும் இடத்துக்கு 'ஆவணக்களரி' என்று பெயரும் இருந்தது. எழுதப்பட்ட ஆவணத்தை 'தீட்டு' என்றும் சொன்னார்கள்: இசைவுத் தீட்டு, விலைத் தீட்டு. டீடும் தீட்டும் ஒலியில் நெருங்குவது தற்செயல். ஒன்று 'செய்' என்ற வேர், மற்றது 'எழுது' என்ற வேர். உறவு கற்பிக்க வேண்டாம்.

பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கு நடக்கும் இடம் இந்தச் சொல் விளக்கத்துக்கே எழுதியதுபோல் இருக்கிறது. சுந்தரர் தமக்கு அடிமை என்று வாதாடும் முதியவரின் ஓலையைச் சுந்தரர் கிழித்துவிடுகிறார். சபையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். கிழிந்தது 'படியோலை', 'மூலவோலை' பாதுகாப்பாக இருக்கிறது என்கிறார் முதியவர். மூலமும் படியும் வேறு. படி கிழிந்தாலும் உரிமை கிழியாது. கவுண்டி அலுவலகத்தின் அடிப்படையும் இதுதான்.

ஆகவே பரிந்துரை இது. டீடு என்பதற்குப் பொதுச்சொல் 'உரிமைமாற்று ஆவணம்'. விற்பனைக்கு 'விலையாவணம்' அழகாகப் பொருந்தும். வழக்கில் 'கிரயப் பத்திரம்' என்றாலும் பிழையில்லை. 'டைட்டில்' என்பதற்குப் பத்திரம் என்று எழுதக் கூடாது. டைட்டில் ஒரு தாள் அல்ல, அது 'உடைமையுரிமை'. பல டீடுகள் சங்கிலியாகச் சேர்ந்து அந்த உரிமையைக் காட்டுகின்றன. 'ரெக்கார்டிங்' என்பதற்குப் 'பதிவு' போதும், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. இந்தியாவில் பதிவு செய்யாத கிரயப் பத்திரம் உரிமையை மாற்றாது. அமெரிக்காவில் பதியாத டீடும் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே செல்லும். பதிவு ஊருக்கு அறிவிப்பு மட்டுமே. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால், விற்றவர் அதே வீட்டை இன்னொருவருக்கும் விற்று, அவர் விவரம் தெரியாமல் பணம் கொடுத்துப் பதிந்துவிட்டால், முதலில் வாங்கியவர் வீட்டை இழக்கக்கூடும். வட கரோலினாவில் விதி இன்னும் கடுமை: யார் முதலில் பதிந்தாரோ அவர் பக்கமே சட்டம். இப்படிப் பதிவை வலியுறுத்தும் சட்டம் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1640-லேயே வந்துவிட்டது.

கவுண்டி என்பதை மாவட்டம் எனலாம்; ஆனால் நாம் தேட வேண்டியது ஆட்சியர் அலுவலகத்தை அல்ல, சார்பதிவாளர் அலுவலகத்தின் இணையை. அதன் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் கவுண்டி ரெக்கார்டர், டெக்சாஸில் கவுண்டி கிளார்க், வட கரோலினாவில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், ஃபுளோரிடாவில் சர்க்யூட் நீதிமன்ற எழுத்தர். கனெக்டிகட்டிலும் வெர்மான்டிலும் ரோட் தீவிலும் பதிவு கவுண்டியில் இல்லை, ஊர் எழுத்தரிடம் போக வேண்டும். லூசியானாவில் கவுண்டிக்குப் பெயர் பாரிஷ்.

பழைய டீடைத் தேடுவோர் முதலில் தடுமாறும் இடம், அட்டவணை முகவரிப்படி இல்லை என்பது. பெரும்பாலான கவுண்டிகளில் அது ஆள்பெயர்ப்படி இருக்கிறது: எழுதிக் கொடுத்தவர் அட்டவணை ஒன்று, எழுதி வாங்கியவர் அட்டவணை ஒன்று. கையில் முகவரி மட்டும் இருந்தால் அசெஸர் தளத்தில் அதை இட்டு, உரிமையாளர் பெயரையும் மனை எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பதிவகத்தின் 'வாங்கியவர்' அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடினால் அவர் வாங்கிய டீடு கிடைக்கும். அதில் விற்றவர் பெயர் இருக்கும். அவரை மீண்டும் 'வாங்கியவர்' பக்கத்தில் தேட வேண்டும். இப்படிப் பின்னோக்கிப் போவதே சங்கிலி. பின்னோக்கிப் போனது மட்டும் போதாது. ஒவ்வொருவரையும் அவர் உரிமையாளராக இருந்த காலத்துக்கு 'கொடுத்தவர்' பக்கத்திலும் பார்த்தால்தான் அடமானமும் வேறு விற்பனையும் தெரியும். நம் ஊரில் வில்லங்கச் சான்று கேட்டால் அலுவலகமே எடுத்துத் தரும் வேலை இது. அங்கே நீங்களோ, உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனமோ செய்ய வேண்டும். கிடைத்த பதிவின் புத்தக எண், பக்க எண் அல்லது ஆவண எண்ணைக் கொடுத்து நகல் கேளுங்கள். கலிபோர்னியாவின் பல கவுண்டிகளில் இணையத்தில் அட்டவணை மட்டும் தெரியும், நகலுக்கு நேரிலோ அஞ்சலிலோ கேட்க வேண்டும்.

வீடு வாங்கிய சில வாரங்களில் அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில், உங்கள் டீடின் நகலுக்குப் பணம் கேட்டு ஒரு கடிதம் வரக்கூடும். அது தனியார் விற்பனை. அதே நகலைக் கவுண்டி சில டாலருக்குத் தருகிறது, மூலம் தொலைந்தாலும் சான்றிட்ட நகல் போதும். ஊரில்போல் வங்கி மூலப் பத்திரத்தை வாங்கிப் பூட்டி வைப்பதும் அங்கே இல்லை.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்த அட்டவணை ஒரு தனிச் சோதனை. குடும்பப் பெயர் இல்லாதவரின் தகப்பனார் பெயர் ஒரு டீடில் கடைசிப் பெயராகவும், இன்னொன்றில் முதற்பெயராகவும் ஏறிவிடும். தேடும்போது இரண்டு வரிசையிலும் தேடுங்கள்; தலைப்பெழுத்து மட்டும் உள்ள வடிவத்தையும் விடாதீர்கள். குடியுரிமை பெறும்போது பெயரை மாற்றியவர் விற்கும் டீடில், புதுப்பெயரை எழுதி, இன்ன பழைய பெயரில் உரிமை பெற்றவர் என்று சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சங்கிலி அந்தக் கண்ணியில் அறுந்து, அடுத்து வாங்குபவருக்கு, விற்பவர் பழைய பெயரில் வாங்கிய டீடு அட்டவணையில் அகப்படாமல் போகும்.

வாங்கும்போது பதிவை டைட்டில் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். மனைவி பெயரைச் சேர்ப்பது, குடும்ப டிரஸ்டுக்கு மாற்றுவது போன்றவற்றில்தான் பலர் தாமே இறங்குகிறார்கள். டீடில் கட்டாயம் வேண்டியவை: இருதரப்புப் பெயர், மாற்றுகிறேன் என்ற வாசகம், நிலத்தின் சட்ட விவரிப்பு, கொடுப்பவர் கையெழுத்து. பதிய நோட்டரி ஒப்புகையும் வேண்டும். ஃபுளோரிடாவில் இரண்டு சாட்சிகளும் வேண்டும், கலிபோர்னியாவில் சாதாரண டீடுக்கு வேண்டாம். கலிபோர்னியாவில் முதல் பக்கத்தின் வலது மேல் மூலை பதிவகத்துக்கு. இடது பக்கம் யார் பதியக் கேட்டார், யாருக்குத் திருப்பி அனுப்புவது என்பது. கூடவே உரிமை மாற்ற முன்னறிக்கைப் படிவத்தையும் தர வேண்டும். தராவிட்டால் 20 டாலர் கூடுதல். உரிமை மாற்று வரி அங்கே கவுண்டிக்கு ஆயிரம் டாலருக்கு 1.10, சில நகரங்கள் மேலும் சேர்க்கும். ஃபுளோரிடாவின் பெரும்பகுதியில் நூறு டாலருக்கு 70 சென்ட். டெக்சாஸில் மாற்று வரியே இல்லை.

அதிகம் தவறுவது சட்ட விவரிப்பு. தெரு முகவரி அதற்கு ஈடாகாது. மனை எண், பிளாக், வரைபடப் புத்தகப் பக்கம், அல்லது எல்லை அளவுகள் முந்தைய டீடில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். மனை 12 என்பது 21 ஆனாலும் எழுத்தர் திருப்பி அனுப்பமாட்டார்; அவர் பார்ப்பது வடிவத்தையும் கட்டணத்தையும் மட்டும். பிழை தெரிந்தால் பதிந்த தாளைத் திருத்த முடியாது, பெரும்பாலும் திருத்த டீடு ஒன்று எழுதி அதையும் பதிய வேண்டும்.

வகைப் பெயர்களில் இரண்டைக் கவனித்து மொழிபெயர்க்க வேண்டும். 'க்விட்கிளெய்ம் டீடு' என்பதற்கு 'விடுதலைப் பத்திரம்' சரி: எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை விட்டேன் என்பதே அதன் வாசகம், உரிமை இருக்கிறது என்ற உறுதி அதில் இல்லை. அதனால் அறியாதவரிடம் பணம் கொடுத்து வாங்க ஏற்றதல்ல. 'டீடு ஆஃப் டிரஸ்ட்' என்பதை அறக்கட்டளைப் பத்திரம் என்று பெயர்த்தால் பெரும்பிழை; அது கடனுக்கு வீட்டை ஈடாக வைக்கும் 'அடமான ஆவணம்'. கடன் முடிந்ததும் அதை விடுவிக்கும் தாளும் கவுண்டியில் பதிவாக வேண்டும், ஊரில் அடமான ரசீது பதிவதுபோல. கடைசித் தவணை கட்டிய ஓரிரு மாதத்தில், உங்கள் பெயரை இட்டு அந்த விடுவிப்பு அட்டவணையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.