இரண்டாவது டோக்கன் எங்கே?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக் கிராணி (எழுத்தர்) ஒரு நாள் மதியம் என்னை அழைத்தார். “தம்பி, சொந்தத் தோட்டத்து லாரிகளுக்கு மட்டும் வெளியேறும் சீட்டு வரவில்லை. சர்வரை இரண்டு முறை நிறுத்தி எழுப்பிப் பார்த்துவிட்டோம்.”

அதனால் பயனில்லை. படிகளை அம்புகளால் இணைத்து வரைந்த படத்தின்படி வேலையை நடத்துவது பணியோட்ட மென்பொருள். எந்த வேலை எங்கே நிற்கிறது என்பதை அது தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. சர்வர் எழுந்ததும் வேலை அதே இடத்தில்தான் நிற்கும். நான் முதலில் தேடுவது டோக்கனை, அதாவது வேலை படத்தில் எங்கே நிற்கிறது என்று காட்டும் அடையாளத்தை. ஒரே நேரத்தில் நடக்கும் கிளைகளாக இணை கேட்வேயில் ஓட்டம் பிரியும்போது கிளைக்கு ஒரு டோக்கன் பிறக்கும். கிளைகளை மறுபடி சேர்க்கும் மூடும் கேட்வே, தன்னுள் நுழையும் ஒவ்வோர் அம்பிலும் ஒரு டோக்கன் வரும்வரை வழிவிடாது. பெரட்டில் (தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் கூட்டத்தில்) ஆள் வராவிட்டால் கிராணி ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு ஏட்டை மூடுவார். இந்தக் கேட்வேக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இங்கே கிளைகள் இரண்டு: குலைகளைத் தரம் பிரிப்பது, விற்பவரின் உரிமத்தைச் சரிபார்ப்பது. சொந்தத் தோட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் உரிமம் பார்க்க வேண்டாமென்று யாரோ ஓர் அம்பை நேராக, ஓட்டம் முடிவதைக் குறிக்கும் முடிவு வட்டத்துக்கு இழுத்துவிட்டிருந்தார். அந்த டோக்கன் அங்கேயே மறைந்தது. தரம் பிரித்த டோக்கன் மட்டும் துணைக்காகக் காத்துக் கிடந்தது.

அவசரத்தில் நான் செய்த திருத்தம் அதைவிட மோசம். அந்த அம்பை மூடும் கேட்வேயிலேயே செருகினேன். இப்போது உள்ளே வருவன மூன்று அம்புகள். கேட்வே மூன்று டோக்கன் கேட்டது, வருவதோ இரண்டுதான். வெளி லாரிகளும் நின்றன. குலையோடு வந்தவை சாலைவரை வரிசை கட்டின. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகாவிட்டால் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். கிராணியின் குரல் உயர்ந்ததில் தவறே இல்லை. உரிமக் கிளையின் இரு பாதைகளையும் முதலில், எந்த அம்பில் டோக்கன் வந்தாலும் காத்திராமல் வழிவிடும் ‘ஏதேனும் ஒன்று’ கேட்வேயில் சேர்த்து, ஒரே அம்பாக உள்ளே விட்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையைக் கண்டுதான் எனக்கு அதிக அச்சம். இணையாகப் பிரித்ததை ‘ஏதேனும் ஒன்று’ கேட்வேயால் மூடினால் எதுவும் நிற்காது. இரு டோக்கன்களும் தனித்தனியே கடந்துபோய்ச் சீட்டை இருமுறை அடிக்கும், பணமும் இருமுறை போகும். இருமுறை பணம் வந்தவர் யாரும் என்னை அழைத்ததில்லை.

இரு கிளைகளும் ஒரே நொடியில் முடிந்தால், காமுண்டா 7 போன்ற பணியோட்ட மென்பொருள்களின் பதிவேட்டில் பூட்டு மோதல் (இரண்டும் ஒரே பதிவை ஒரே நேரத்தில் மாற்ற முயல்வது) என்று சிவப்பு வரிகள் தெரியும். பின்னணி வேலையாக இருந்தால் ஒன்று பின்வாங்கி மறுபடி முயலும், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வேலை ஏற்கெனவே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அதுவும் மறுபடி போகும். அதற்காகவே மூடும் கேட்வேக்கு முன், அதுவரை நடந்ததைப் பதிந்துவிடும் ஒரு சேமிப்பு நிறுத்தம் வைக்கிறேன்.

சரியான படத்தை ஏற்றியதும் புது லாரிகள் ஓடின. தேங்கியவை அசையவில்லை: நாமாக மாற்றாதவரை, தொடங்கிய வேலை தொடங்கிய பதிப்பிலேயே இருக்கும். ஒவ்வொன்றாகக் கையால் தள்ளினேன். கிராணி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தரத்தாளில் லாரி எண்ணைப் படித்து, நான் தள்ளியதும் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.