ஸ்லாப்ஸ்டிக்: அடிதடியா, சேட்டையா?

"பிரபல தடகள வீரர்கள் நாயகர்களாகக் கலக்கும் அடிதடி நகைச்சுவைப் படம்." ஓடிடி தளங்களில் வெளிநாட்டுப் படங்களுக்குக் கீழே இந்த மாதிரித் தமிழ்க் குறிப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கடைசியாகப் பார்த்த படத்தில் நடித்திருந்தவர்கள் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள்.

தடகளம் என்பது ஓட்டம், தாண்டுதல், எறிதல் போன்றவற்றுக்கு உரிய சொல். வேளச்சேரி நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கும் பிள்ளையைச் சென்னையில் யார் தடகள வீரர் என்கிறார்கள்? ஹர்பஜன் சிங் 2021-ல் தமிழ்ப் படத்தில் நாயகனாக நடித்தபோது, 'கிரிக்கெட் வீரர்' என்று இயல்பாக எழுதத் தெரிந்ததே! 'விளையாட்டு வீரர்' என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது அத்துடன் போகட்டும். என்னை எழுத வைத்தது 'அடிதடி'. ஆங்கிலத்தில் ஸ்லாப்ஸ்டிக் என்பார்கள்; விழுந்து, வழுக்கி, அடிவாங்கி உடம்பாலேயே சிரிக்க வைக்கும் நகைச்சுவை. அதைத்தான் இந்தக் குறிப்புகள் 'அடிதடி நகைச்சுவை' ஆக்குகின்றன.

ஸ்லாப்ஸ்டிக் முதலில் ஒரு பொருளின் பெயர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்த முகமூடி நாடகங்களில் அர்லெக்கினோ என்ற வேலைக்காரக் கோமாளி கையில் ஒரு கோல் இருக்கும். இத்தாலியில் அதைப் பத்தாக்கியோ என்றார்கள். இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைக் கைப்பிடிப் பக்கம் மட்டும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முதுகில் லேசாகத் தட்டினாலே பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிய ஓசை வரும். பஜனையில் தட்டும் சப்ளாக்கட்டைக்கு நீளக் கைப்பிடி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் உண்டு, வலி கிடையாது. ஆங்கில மேடையில் கோலுக்கு வந்த பெயர், பின்னால் அந்த வகை நகைச்சுவைக்கே ஆகிவந்தது.

வலியில்லாத அடி என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். 'அடிதடி' அதைக் கொன்றுவிடுகிறது. அடிதடி என்றால் காவல் நிலையம், வழக்கு, தலையில் தையல். சினிமாவில் அடிதடிப் படம் என்றால் சண்டைப் படம். அடிதடியில் இரண்டு தரப்பும் கை ஓங்கும். ஸ்லாப்ஸ்டிக்கில் பெரும்பாலும் ஒருவன் வாங்கிக்கட்டிக்கொள்வான். வடிவேலு காட்சிகள் பலவற்றில் அடி திரைக்கு வெளியே விழும்; அவர் நொண்டிக்கொண்டு திரும்பி வந்து பேசும்போதுதான் அரங்கு அதிரும். சந்திரபாபு கால் பின்னி விழுந்ததும், நாகேஷ் ஒடிசலான உடம்பை ரப்பராக வளைத்ததும் எந்த அடிதடியில் சேரும்?

பட் ஸ்பென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். கார்லோ பெதர்சோலி என்ற இயற்பெயருடைய இத்தாலிய நீச்சல் வீரர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிகளில் நீந்தியவர். 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர். பிறகு நடிகர் டெரன்ஸ் ஹில்லுடன் சேர்ந்து நகைச்சுவைப் படங்களில் கொடிகட்டிப் பறந்தார். எதிராளியின் உச்சந்தலையில் மேலிருந்து முஷ்டியை இறக்குவார்; 'டொம்' என்று ஓசை வரும்; அடிபட்டவன் கண் சொருகித் தள்ளாடுவான். ரத்தம் வராது. ஓசையைப் பின்னால் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். அர்லெக்கினோவின் கோலேதான் அது. இதை அடிதடி என்று எழுதினால், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய படத்தைப் பெற்றோர் தள்ளிவிட்டுப் போவார்கள். குறிப்பு எழுதுகிறவருக்கு இந்தப் பொறுப்பு இருக்கிறதா இல்லையா?

தமிழ் ஆர்வலர் சிலர் 'அடிகோல் நகைச்சுவை' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் வைத்த மொழிபெயர்ப்பு. அடிகோலுதல் என்றால் தமிழில் தொடங்கிவைத்தல். படிக்கிறவர் எதற்கு அடிகோலினார்கள் என்றுதான் தேடுவார். 'மெய்ப்பாட்டு நகைச்சுவை' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது; தொல்காப்பியத்தில் அது எட்டு வகை. அழுகையும் அச்சமும் அதில் அடக்கம். நகைக்கு அங்கே சொல்லும் எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (வெகுளித்தனம்) என்ற நான்கில் கடைசி இரண்டுதான் நம் கோமாளிக்குப் பொருந்தும். கோணங்கி என்றால் கோமாளி; 'கோணங்கி நகைச்சுவை' பொருளளவில் மிகவும் நெருங்கி வருகிறது. ஆனால் இன்று அந்தச் சொல் எத்தனை பேர் வாயில் புழங்குகிறது?

என் தேர்வு 'சேட்டை'. வடமொழியில் சேஷ்டா என்றால் உடலசைவு. அங்கசேட்டை என்று நாம் சொல்வதில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. தமிழுக்கு வந்தபின் குறும்பு என்ற பொருளும் சேர்ந்தது. உடம்பும் குறும்பும் ஒரே சொல்லில்! வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். 'சேட்டை பண்ணாதே' என்று சொல்லாத அம்மா இங்கே உண்டா? தெளிவு கெடாமல் தூய்மை கிடைத்தால் மகிழ்ச்சி. தெளிவை விற்றுத் தூய்மை வாங்க நான் தயாரில்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் 'சேட்டை' மூதேவியைக் குறிக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது ஜேஷ்டாவிலிருந்து வந்த வேறு சொல். எழுதும்போது சேட்டைப் படம், சேட்டைக் காட்சி என்று ஒற்று மிகும்.