தூசி ஏன் இன்னும் தீரவில்லை?

"விண்மீனைச் சுற்றியிருக்கும் தூசியை ஆராய்வதே ஒருவருக்கு வாழ்நாள் வேலையாக இருக்க முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக முடியும். பிரெஞ்சு வானியற்பியலாளர் ஆன்-மாரி லக்ராஞ்ச், 1980-களின் பிற்பகுதியில் ஆராயத் தொடங்கிய பீட்டா பிக்டோரிஸ் விண்மீனை முப்பது ஆண்டுகள் கழித்தும் விடவில்லை.

1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் தன் கருவிகளை அளவு சரிபார்க்க வேகா விண்மீனைப் பார்த்தபோது, அகச்சிவப்பு ஒளி கணக்குக்கு மேல் வந்தது. விண்மீனின் ஒளியில் சூடான தூசிதான் காரணம். அடுத்த ஆண்டே, 63 ஒளியாண்டு தொலைவிலுள்ள பீட்டா பிக்டோரிஸின் தூசித் தட்டு படத்திலேயே சிக்கிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தூசி அங்கே நீடிக்கவே முடியாது.

ஒளிக்குத் தள்ளும் விசை உண்டு. துகளின் விட்டம் பாதியானால் நிறை எட்டில் ஒன்றாகிவிடும். ஒளி படும் பரப்போ நாலில் ஒன்றாகத்தான் குறையும். ஆக, துகள் சிறுக்கச் சிறுக்க ஒளியின் கை ஓங்குகிறது. ஈர்ப்பு, ஒளி இரண்டும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், துகள் எங்கே போனாலும் இந்த விகிதம் மாறாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். துகளைத் துரத்த ஒளி ஈர்ப்பை முழுசாக வெல்ல வேண்டியதில்லை, பாதி போதும்! வட்டப்பாதையில் சுற்றும் பாறை ஒன்று மோதி உடைகிறது. தெறித்த துகளுக்குத் தாய்ப்பாறையின் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் அதை இழுக்கும் விசை பாதிதான். தப்பும் வேகம், அதாவது ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான வேகம், வட்டப்பாதை வேகத்தைப்போல் 1.41 மடங்கு என்று பள்ளியில் படித்திருப்போம். ஈர்ப்பு பாதியானால் தப்பும் வேகமும் அதே 1.41-ஆல் வகுபடும். அதாவது, பாறை சும்மா சுற்றிக்கொண்டிருந்த வேகமே துகளுக்குத் தப்பும் வேகமாகிவிடுகிறது. தனியாக யாரும் உதைத்துத் தள்ளவில்லை. உடைந்த கணத்திலேயே துகள் விடுபட்டுவிட்டது. சூரியன் போன்ற விண்மீனில் ஏறத்தாழ ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களுக்கு இதுதான் கதி.

சரி, பெரிய துகள்கள்? அவையும் மோதி அரைபட்டுச் சிறுத்துவிடும், அல்லது மெல்ல வேகமிழந்து உள்நோக்கிச் சுருளும். எனவே தூசி தெரிகிறது என்றாலே, கண்ணுக்குத் தெரியாத பாறைகள் அங்கே இன்னும் மோதிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

கோளையும் தூசியே காட்டிக்கொடுக்கும். பீட்டா பிக்டோரிஸ் தட்டின் உட்பகுதி சற்றே சாய்ந்திருந்தது. சாய்ந்த பாதையில் ஒரு கோள் சுற்றினால் இப்படி வளையும் என்று 1997-ல் லக்ராஞ்சும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்புறம் 2003-ல் சிலியின் விஎல்டி தொலைநோக்கி எடுத்த படங்களில் ஒரு மங்கலான புள்ளி கிடைத்தது. அறிவிப்பு 2008-ல்தான் வந்தது. விண்மீனின் மறுபக்கத்தில் அதே கோளைப் பார்த்து 2010-ல் உறுதி செய்தார்கள்.

கணக்குக்கும் உறுதிக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள். ஆய்வு நிதியோ பெரும்பாலும் சில ஆண்டுத் துண்டுகளாகவே கிடைக்கிறது; ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பலன் என்ன என்று கேட்கிறார்கள். இது தவறான அளவுகோல் என்பேன். 2019-ல் லக்ராஞ்சின் குழு அதே விண்மீனில் இரண்டாவது கோளையும் அறிவித்தது. அது பத்தாண்டுக்கும் மேலாகச் சேர்த்த அளவீடுகளிலிருந்து கிடைத்தது. மூன்றாவது ஆண்டில் நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்காது.