பனிப்பொதியா, பனியடுக்கா?

குளிர்காலத்தில் இமயமலைக்கு மலையேற்றம் செல்லும் நம் இளைஞர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட பாதுகாப்புக் குறிப்பு ஒன்றின் தமிழாக்கம், மெய்ப்புப் பார்ப்பதற்காக என்னிடம் வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், ‘இறங்கும் முன் பனிப்பாறையில் ஒரு குழி தோண்டி அதன் நிலையைக் கவனிக்கவும்’ என்று எழுதியிருந்தார்கள். பாறையில் குழி தோண்ட உளியும் சம்மட்டியும் வேண்டும். மூலம் கேட்டதோ தோள்பையில் அடங்கும் ஒரு மண்வெட்டியை மட்டுமே. மூலத்தில் இருந்த சொல் ஸ்னோபேக். சில பக்கங்கள் தள்ளி அதே சொல்லை ‘பனிப்பொதி’ என்று பெயர்த்திருந்தார்கள். பாறை, பொதி என்னும் இவ்விரண்டையும் செய்திகளிலும் கட்டுரைகளிலும் பல முறை பொறுத்துக்கொண்டாயிற்று. உயிர் காக்கும் குறிப்பிலும் அவை நுழைந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வசந்தத்தில் உருகும்வரை, ஒவ்வொரு பொழிவின் பனியும் முந்தைய பொழிவின் மேல் படிந்து, மலைமீது நின்றிருக்கும் முழுத் திரட்சியே ஸ்னோபேக். சொற்பிறப்பில் சிக்கல் ஏதும் இல்லை. ஸ்னோ என்பது பனி. பேக் என்பது டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த, மூட்டையைக் குறித்த சொல். பின்னர் இறுகச் செறிந்ததையும் குறித்தது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மலைப்பனியே கோடைக்கால ஆற்றுநீர் என்பதால், அதை அளக்கும் நீரியலாளர்களிடம் இச்சொல் வேரூன்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெவாடாவின் ரோஸ் மலையில் பனியை அளக்கும் குழாயை உருவாக்கிய ஜேம்ஸ் சர்ச், பல்கலைக்கழகத்தில் லத்தீன் முதலிய செவ்வியல் மொழிகளைக் கற்பித்த பேராசிரியர். மொழி ஆசிரியருக்குப் பனியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவரைக் காட்டலாம்.

‘பனிப்பாறை’யைத் தள்ளுவது எளிது. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. ஒரு கனமீட்டரின் எடை பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டியே இருக்கும். அதே கனமீட்டர் பனிக்கட்டியாக இருந்தால் 900 கிலோவுக்கு மேல். பனிப்பாறை என்பது கடலில் மிதக்கும் பெருங்கட்டிக்கும், தளர்ந்த வழக்கில் பனியாற்றுக்கும் ஏற்கெனவே உரிய சொல். 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது நம் தொலைக்காட்சிகள் ‘பனிப்பாறை வெடிப்பு’ என்று நாள் முழுதும் ஓடவிட்டன. உண்மையில் ரோந்தி சிகரத்தின் வடபுறச் சாய்விலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாக ஏறத்தாழ 2.7 கோடி கனமீட்டர் பெயர்ந்து விழுந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் பாறை. பனிப்பாறை என்ற சொல் எங்கே பொருந்தவில்லையோ அங்கேயே அதைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்துகிறோம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மதராஸ் ரெஜிமென்டின் பத்து வீரர்கள், அவர்களுள் தமிழகத்தவர் நால்வர், புதையுண்டபோது இடிந்தது பனிக்கட்டிச் சுவர் என்று ராணுவம் கூறியது. அங்கே வேண்டுமானால் அச்சொல்லுக்கு ஓரளவு நியாயம் உண்டு.

‘பனிப்பொதி’யை அப்படி எளிதில் தள்ள முடியாது, ஏனெனில் அதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். கணினித் தமிழில் பேக்கேஜுக்குப் ‘பொதி’ என்று வைத்துப் பழகியவர்களே இதையும் ஆக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சொல் சிறியது, தூய தமிழ், ஓசையும் மூலத்தை ஒத்தது என்பன அவர்கள் வாதங்கள். மூன்றும் உண்மையே, ஆயினும் சொல் தவறு. பொதி என்றால் கட்டப்பட்டது, சுற்றப்பட்டது, ஏற்றி இறக்கக்கூடியது. கழுதை சுமப்பது பொதி, ஆலைக்குச் செல்வது பஞ்சுப் பொதி. யாழ்ப்பாணத்து வாசகருக்கோ பொதி என்றதும் அஞ்சலில் வரும் பார்சலும் பயணப் பெட்டியும்தான் நினைவுக்கு வரும். அவரிடம் ‘பனிப்பொதியைச் சோதியுங்கள்’ என்றால் சுங்கச் சோதனை என்றே எண்ணுவார். ‘பொதிந்து கிடப்பதும் பொதிதானே’ என்று நண்பர் ஒருவர் மடக்கினார். பொதிதல் என்பது உள்ளே மறைந்திருத்தல். பனி மலைக்குள் பொதிந்து கிடப்பதில்லை. மலையே பனிக்குள் பொதிந்து கிடக்கிறது. அந்தக் கணக்கில் பொதி என்ற பெயர் மலைக்கல்லவா போக வேண்டும்?

இவையெல்லாம் சொல்லாடல் என்று விட்டுவிடலாம். பெரிய குறை வேறு. பொதி என்னும் சொல் அந்தப் பனியை ஒரே பொருளாக, உள்ளும் புறமும் ஒன்றுபோல் செறிந்ததாகக் காட்டுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே குறை உண்டு. ஆங்கிலேயரின் குறையைக் கடன் வாங்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. மலையில் பனியைக் கூர்ந்து நோக்குபவர் தேடுவதே அது எங்கே ஒன்றுபோல் இல்லை என்பதைத்தான். தரையை ஒட்டிய பனி பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டியே நிற்க, மேற்பரப்பு கடுங்குளிரில் உறைகிறது. வெப்ப வேறுபாடு 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் சென்றால், அடியிலிருந்து நீராவி மேலேறிப் பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத, சர்க்கரை போன்ற மணிகளாக மாற்றிவிடும். நம் அரிசிக்கடைக்காரர் பார்த்தால் குருணை என்பார். ‘குருணைப் பனி’ என்றே நானும் எழுதுகிறேன். அதன்மேல் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி பலகைபோல் இறுகுகிறது. 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வில், குருணைமேல் கிடக்கும் அந்தப் பலகை ஒரு மனிதனின் எடைக்கே முறிந்து வழுக்கும். முறியுமுன் சில வேளை காலடியில் ‘தொம்’ என்ற ஓசை கேட்கும். அது பனி தானே தரும் எச்சரிக்கை.

குழி தோண்டுவதும் இதற்காகவே. 30 செ.மீ. சதுரத்தில் ஒரு தூணைத் தனியே வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டி, எந்தத் தட்டில் எந்த மட்டத்தில் தூண் முறிகிறது என்று பார்க்கிறார்கள். காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கில் கம்பிவட ஊர்தி 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. காவலர்கள் கவனிக்கும் எல்லையைக் கடந்து செல்பவருக்கு இந்தக் குழியும் தம் கண்ணுமே துணை. 2023 பிப்ரவரி 1 அன்று அங்குள்ள அபர்வத் மலையில் போலந்து நாட்டுப் பனிச்சறுக்காளர் இருவர் பனிச்சரிவில் மாண்டனர்.

ஆகவே, அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது, இடையில் ஒன்று நழுவினால் மேலுள்ளவை எல்லாம் சரிவது என்ற முழுப்பொருளும் அச்சொல்லிலேயே இருக்கிறது. பானை அடுக்கில் கை வைத்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். அன்றியும் மலைக்கு அச்சொல் புதிதன்று: மலைச்சாரலை அடுக்கம் என்றது பழந்தமிழ், பெரியகுளத்திலிருந்து கொடைக்கானல் ஏறும் வழியில் அடுக்கம் என்ற ஊரே இருக்கிறது. இமயத்தைப் ‘பனிபடு நெடுவரை’ என்ற புறநானூறும் பனி படிந்திருப்பதைத்தான் சொன்னது, பொதிந்திருப்பதை அல்ல. அடுக்கு என்பது முழுமைக்கா தனிப் படிவுக்கா என்று மயங்கும் என்பார்கள். தனிப் படிவுக்குப் ‘படை’ என்று சொன்னால் தீர்ந்தது. இலங்கைப் பாடநூல்கள் ஓசோன் படை என்று எழுதுவது இப்பொருளில்தான். பனியடுக்கில் பல படைகள். அவற்றுள் நொய்ந்த படை எது என்பதே கேள்வி.

‘பனிச்சரிவு’ பற்றியும் ஒரு குறை உண்டு. அதற்கு மூலமான அவலாஞ்ச் என்னும் பிரெஞ்சுச் சொல்லின் பழைய வடிவம் லவாஞ்ச்; வழுக்குதலைக் குறித்த லத்தீன் வேரிலிருந்து வந்தது என்று பெரும்பாலோர் கொள்வர். அதில் பனி இல்லை. மண்சரிவால் பெயர் பெற்ற நீலகிரியின் அவலாஞ்சியே சான்று. தமிழில் பனிச்சரிவு நிலைபெற்றுவிட்டது, நல்ல சொல்லும்கூட. ஆனால் சரிவு என்பது சரியும் நிகழ்ச்சிக்கும் சாய்ந்த நிலத்துக்கும் பொது. ‘35 டிகிரிப் பனிச்சரிவில் நிற்காதீர்’ என்று அதே குறிப்பில் படித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் பனிச்சரிவில் யார் நிற்பார்? நிலத்துக்குச் சாய்வு, நிகழ்ச்சிக்குச் சரிவு என்று பிரித்தால் போதும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கும் வேகத்தில் பாதியளவாவது தாம் எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் இத்தனை சொல்ல வேண்டியிராது. காவலும் பராமரிப்பும் இல்லாத மலைப்பகுதியைக் குறித்த பேக்கன்ட்ரியை அவர்கள் ‘பின்நாடு’ ஆக்கியிருந்தார்கள். எந்த நாட்டுக்குப் பின்னால் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன்.

‘இறங்கும் முன் பனியடுக்கில் குழி தோண்டி, நொய்ந்த படை உள்ளதா என்று பார்க்கவும்’ என்று திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்த பிரதியில் பாறை போயிருந்தது, பொதியும் போயிருந்தது. பின்நாடு மட்டும் அப்படியே இருக்கிறது.