சண்டையைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்காதீர்கள்

"ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்க. ஸாரி சொல்லுங்க. போய் வேலையைப் பாருங்க." வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் மோதிக்கொண்டால் பெரியவர்கள் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் இவ்வளவுதான். யார் மேல் தப்பு என்று பொறுமையாக விசாரிக்கிற ஆசிரியர்கூடக் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். சத்தம் அடங்கிவிடும். பகை மட்டும் பெரியவர்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு, இப்போதெல்லாம் கைப்பேசிக்குள், குடிபோய்விடும்.

இளையோருக்குப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கப் பயிற்சி கொடுப்பது என் தொழில். "பசங்க சண்டையே போடாம இருக்க என்ன சார் செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டுதான் பெற்றோரும் பள்ளி நிர்வாகிகளும் வருவார்கள். சண்டையே வராத இடம் என்று எதுவும் இல்லை. வந்த சண்டையை யார் கையில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு மோதல் அதில் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொந்தமான சொத்து என்றார். வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் அந்தச் சொத்தைத் திருடிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். அவர் நீதிமன்றங்களை மனத்தில் வைத்து எழுதியது, ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆலோசகர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. நாம் தீர்த்துவைக்கும் ஒவ்வொரு சண்டையிலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பயிற்சி போய்விடுகிறது.

அதற்காக "நீங்களே பாத்துக்கோங்க" என்று கைகழுவவும் முடியாது. கற்றுக்கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், ஒருவர் கேட்பதும் அவருக்கு வேண்டியதும் வேறுவேறாக இருக்கலாம் என்பது. மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925இல் சொன்ன எடுத்துக்காட்டை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். நூலகத்தின் சின்ன அறை ஒன்றில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. ஃபாலெட்டுக்கு வேண்டியது வாடைக்காற்று நேராக மேலே அடிக்காமல் இருப்பது. இருவருக்கும் வேண்டியது முழுதாகக் கிடைத்தது. இதையே பாதி ஜன்னல் திறப்பது என்று முடித்திருந்தால் இருவருமே முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் வீட்டுப் பஞ்சாயத்துகளில் பாதி ஜன்னல் தீர்ப்புகள்தான் அதிகம்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளி நாடகக் குழுவில் இரண்டு பையன்கள், நெருங்கிய நண்பர்கள். ஒத்திகைக்குச் சரியாக வரவில்லை என்று ஒருவன் மற்றவனை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினான். நீக்கப்பட்டவன், தங்களுக்குள் தனியாகப் பேசிக்கொண்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொருவன் மூலம் அதே குழுவில் போடவைத்தான். அடுத்த நாள் கைகலப்பு. சமரசம் பேச உட்கார்ந்தது நான் இல்லை, பயிற்சி பெற்ற மூத்த மாணவி ஒருத்தி. நான் மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் வேலையிலேயே கடினமான பகுதி அதுதான்.

"அவன் எல்லார் முன்னாடியும் ஸாரி கேக்கணும்" என்றான் ஒருவன். "செத்தாலும் கேக்க மாட்டேன். என்னை எல்லார் முன்னாடியும்தானே தூக்கினான்?" என்றான் மற்றவன். வழக்கமாகப் பெரியவர்கள் நுழையும் இடம் இது. அந்தப் பெண் நுழையவில்லை. முதலாமவனிடம், "அதை யார் பாத்ததுதான் உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் தங்கச்சியும் அந்த குரூப்ல இருக்காக்கா" என்றான். ஸ்கிரீன்ஷாட்டில் அவன் வீட்டு விஷயம் இருந்தது. எதிரில் இருந்தவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. "டேய், அவ இருக்கிறது எனக்கு ஞாபகமே இல்லடா" என்றான். அதன் பிறகு பேச்சு வேறு மாதிரிப் போனது. குழுவில் என்ன எழுதிப் போடுவது என்பதில் மறுபடி சண்டை வந்தது, ஆனால் இந்த முறை வாக்கியத்தைப் பற்றிய சண்டை. இருவர் பெயரிலும் ஒரே செய்தி போட்டார்கள். அதில் "ஸாரி" என்ற சொல் கிடையாது. அதைக் கேட்டு ஓர் ஆசிரியருக்கு வருத்தம். பையன்கள் இருவருக்கும் வருத்தம் இல்லை.

இந்தக் கதையில் "எல்லார் முன்னாடியும்" என்பதை இரண்டு பேருமே சொன்னதைக் கவனியுங்கள். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாகவும் நண்பர்களுடனும் ஆடவைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் கூட இருந்தபோது வளரிளம் பருவத்தினர் எடுத்த ஆபத்தான முடிவுகள் கூடின. வயதில் மூத்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. சண்டையிலும் அதேதான் நடக்கிறது. தனியாக இருந்தால் "விடுடா" என்று போயிருக்கக்கூடிய பையன், சுற்றி நாலு பேர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கும்போது போக மாட்டான், போகவும் முடியாது. அதனால் நான் கற்றுக்கொடுக்கும் முதல் தலைமைப் பண்பு கூட்டத்தைக் கலைப்பது. சண்டை போடுகிறவர்களைத் தொடவே வேண்டாம், வேடிக்கை பார்க்கிறவர்களை அழைத்துக்கொண்டு நகர்ந்துவிடு என்பேன். கேட்கச் சாதாரணமாக இருக்கும். அந்த நேரத்தில் அதைச் செய்யப் பதினைந்து வயதில் பெரிய துணிச்சல் வேண்டும்.

துணிச்சல் பாடம் கேட்டு வருவதில்லை. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது. அதனால்தான் அமைதி பற்றிய சொற்பொழிவுகள், சுவரொட்டிப் போட்டிகள், உறுதிமொழி ஏற்புகள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒத்திகை மேல் உண்டு. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல முன்மாதிரி அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். நாகபுரியில் ஆசிரியராக இருந்தபோது காந்தியின் வழிமுறைகளைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், 1959இல் அங்கே கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். சிலர் உணவக மேசையில் உட்கார்ந்திருப்பது போல நடிப்பார்கள். மற்றவர்கள் நிறவெறிக் கும்பலாக நடித்துத் திட்டுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் புகை விடுவார்கள். திருப்பி அடிக்காமல், ஓடாமல், எதிரியின் கண்ணைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை உடம்புக்குப் பழக்கினார்கள். 1960 பிப்ரவரி 13 அன்று அந்த மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவக இருக்கைகளில் போய் உட்கார்ந்தபோது நடந்தது, பெருமளவு ஒத்திகை பார்த்த காட்சிதான். ஏப்ரல் 19 அன்று அவர்களுடைய வழக்கறிஞரின் வீட்டில் குண்டு வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் நகர மன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அங்கே 21 வயது மாணவி டயான் நாஷ், நிறத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறீர்களா என்று மேயரிடம் நேராகக் கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மே 10 அன்று நகர மையக் கடைகளின் உணவக மேசைகள் கறுப்பினத்தவருக்கும் திறந்தன.

டயான் நாஷின் அந்தக் கேள்வியைத்தான் என் பயிற்சிகளில் மறுபடி மறுபடி எடுத்துக்காட்டுவேன். அமைதித் தலைமை என்றால் சமர்த்தாக, அடங்கி இருப்பது என்று பிள்ளைகளும் நினைக்கிறார்கள், சில நிர்வாகிகளும் ஆசைப்படுகிறார்கள். நார்வே நாட்டு அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்: நேரடி வன்முறை இல்லாதிருப்பது ஒரு வகை அமைதி, அநீதியான அமைப்பே இல்லாதிருப்பது இன்னொன்று. ஒரு விதி நியாயமில்லை என்று மாணவி ஒருத்தி எழுந்து கேட்டால் அங்கே பிணக்கு கூடத்தான் செய்யும். அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது எப்படிக் கேட்பது என்பதை. கேட்காதே என்று கற்றுக்கொடுப்பது பயிற்சி ஆகாது.

பேச்சுப் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல், உனக்கு எப்படி இருந்தது என்று சொல், என்ன வேண்டும் என்று கேள் என்பது அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் வழி வந்த முறை. அதைப் புத்தக நடையில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். "இப்படியெல்லாம் யாராச்சும் பேசுவாங்களா சார்?" நியாயமான கேள்வி. அவர்கள் பாஷையிலேயே செய்யச் சொன்னால் வருகிறது: "டேய், நேத்து வர்றேன்னு சொல்லிட்டு வரல. ஒரு மணி நேரம் லூசு மாதிரி நின்னேன், செம கடுப்பு. வர முடியலன்னா ஒரு மெசேஜ் போடுடா." மூன்றும் இதில் இருக்கின்றன.

இப்போது ஓர் எச்சரிக்கை, இதை யாரும் தாண்டிப் போக வேண்டாம். பலவீனமானவரை வதைப்பது வேறு, பிணக்கு வேறு. வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவரைத் துன்புறுத்துவதுதான் வதை என்று உளவியலாளர் டான் ஒல்வேயஸ் வரையறுத்தார். அங்கே இரண்டு தரப்பு கிடையாது. துன்புறுத்தப்பட்ட பிள்ளையைத் துன்புறுத்தியவன் எதிரில் உட்காரவைத்து "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்பது அந்த வதையின் தொடர்ச்சி. பாலியல் சீண்டல், ஆயுதம், சாதி அல்லது மதத்தைச் சொல்லி இழிவுபடுத்தல் எதையும் மாணவர் சமரசத்துக்கு அனுப்பாதீர்கள். அவை பெரியவர்களின் பொறுப்பு, பல வேளைகளில் சட்டத்தின் பொறுப்பு. பயிற்சியின் முதல் நாளிலேயே "இதை நீ தீர்க்காதே, உடனே எங்களிடம் சொல்" என்ற பட்டியலைச் சமரச மாணவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இளைஞர்களை அமைதி முயற்சிகளில் பங்காளிகளாக ஏற்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2015 டிசம்பர் 9 அன்று 2250ஆம் தீர்மானம் நிறைவேற்றியது. அது 18 முதல் 29 வயதினரைப் பற்றியது. பழக்கம் அதற்கு வெகு முன்பே தொடங்க வேண்டும். பள்ளியில் தொடங்குகிறவர்கள் சமரசப் பயிற்சிக்கு முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களையும் வகுப்புத் தலைவர்களையும் மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். கடைசி வரிசையில் நாலு பேரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு திரியும் அந்தப் பையனையும், எல்லாருடைய ரகசியமும் தெரிந்த அந்தப் பெண்ணையும் அனுப்புங்கள். பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்கிறார்களோ அவர்கள்தான் வேண்டும். எழுதப்படும் உடன்பாட்டின் வாசகத்தை ஆசிரியர் திருத்த வேண்டாம், யாருக்கும் ஆபத்தில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, சமரசம் பேசிய அதே மாணவர் சண்டை போட்ட இருவரையும் கூப்பிட்டு "எப்படிப் போகுது?" என்று கேட்க வேண்டும். உடன்பாடு மீறப்பட்டிருந்தால் முதலில் அதே மேசைக்குத் திரும்பட்டும். தலைமை ஆசிரியர் அறை அதற்கு அடுத்தது.