ஊதோன் (எ) போலியு

மாண்ட்ரியலில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடன் வேலை பார்க்கும் பிரெஞ்சுக் கனடியர் ஒருவர், தன் தாய்வழிப் பாட்டிகளைப் பத்துத் தலைமுறைக்குக் கடகடவென்று சொல்கிறார். தந்தைவழி என்றால் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போகலாம். தாய்வழியில் பெயர் மாறிக்கொண்டே இருக்குமே?"

தந்தைவழியிலும் அது அவ்வளவு சுலபம் இல்லை. 1665இல் கரிஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவு ஏறத்தாழ 1,200 பேருடன், அன்று பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த கியூபெக்கில் வந்திறங்கியது. சுமார் 400 பேர் அங்கேயே குடியேறினார்கள். சிப்பாய்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது பிரெஞ்சுப் படையின் வழக்கம்: லாஃப்ளேர் (பூ), சான்சூசி (கவலையில்லாதவன்), திரான்ஷ்மோந்தாஞ் (மலைவெட்டி!). ஊர்ப்பெயர், நிலப்பெயர் என்று வேறு வழிகளிலும் இரண்டாம் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. இயற்பெயரையும் பட்டப்பெயரையும் இணைக்கும் சொல் 'டி'. நம் பத்திரங்களில் வரும் (எ) தான் அது. 'ஊதோன் டி போலியு' என்பவரின் வாரிசுகளில் சிலர் ஊதோன் ஆனார்கள், சிலர் போலியு ஆனார்கள். பிற்பாடு அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன புவாவேர் (பச்சை மரம்) குடும்பத்தார் சிலர், பெயரை அப்படியே மொழிபெயர்த்து கிரீன்வுட் ஆகிவிட்டார்கள்.

பெயர் இப்படிக் கிளைவிட்டும் வழி தவறாமல் இருப்பதற்குக் காரணம் பங்குக் கோவில்களின் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குத்தந்தை எழுதிவைத்தார். 1640இல் கியூபெக் கோவில் எரிந்தபோது, அழிந்த பதிவுகளை நினைவிலிருந்து மறுபடி எழுதினார்கள். திருமணப் பதிவில் மணமகனின் பெற்றோர் பெயரோடு மணமகளின் பெற்றோர் பெயரும் இருக்கும். தாய் எத்தனை பிள்ளை பெற்றவளானாலும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பாள். ஆகவே மகளின் திருமணப் பதிவில் தாயின் பெயரைப் பார்த்து, அந்தத் தாயின் திருமணப் பதிவைத் தேடி எடுத்தால் அதில் பாட்டியின் பெயர் கிடைத்துவிடும். வாசகியின் நண்பர் இப்படித்தான் படியேறியிருக்கிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். நம் செல்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு, 16,569 எழுத்துகள். அதில் 14,484ஆம் இடத்தில் தைமின் என்ற எழுத்துக்குப் பதிலாக சைட்டோசின் என்ற எழுத்து இருந்தால், லேபர் பார்வை நரம்பு நோய் வரலாம். பெரும்பாலும் இளைஞர்களைத் தாக்கும். ஒரு கண்ணில் பார்வையின் நடுப்பகுதி மங்கும், பிறகு மற்றக் கண்ணிலும். கியூபெக்கில் இந்த நோய் உள்ள குடும்பங்களின் தாய்வழியைப் பதிவேடுகளில் பின்னோக்கித் தேடிப் போனார்கள். பெரும்பாலான வழிகள் ஒரே பெண்ணிடம் போய் முடிந்தன. 1669இல் கியூபெக் நகரில் மணமுடித்தவர். 1663 முதல் 1673 வரை பதினான்காம் லூயி மன்னரின் செலவில் அனுப்பப்பட்ட 'அரசரின் மகள்கள்' சுமார் 800 பேரில் ஒருவர்.

இத்தனை தலைமுறையாகியும் அந்தப் பிழை ஏன் ஒழியவில்லை? நோயுற்ற ஆண் பிள்ளை பெறாமல் போனாலும் இயற்கைத் தேர்வுக்கு அது கணக்கே இல்லை. அவன் தன் மைட்டோகாண்ட்ரியாவை எப்படியும் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. பெண்களோ பெரும்பாலும் நலமாக இருந்து, பிழையை மகள்களுக்குக் கைமாற்றிவிடுகிறார்கள். 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, இதைச் சுமந்த ஆண் குழந்தைகள் முதல் வயதிலேயே கூடுதலாக இறந்ததையும் பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டது. உயிரியலாளர்கள் இந்த விளைவுக்கு 'தாயின் சாபம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பரம்பரைச் சாபம் என்று பரிகாரத்துக்குப் பணம் பிடுங்குகிறவர்கள் காதில் இது விழாமல் இருக்க வேண்டும்!

மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் இந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் திட்டம் 1966இல் தொடங்கியது. மூன்றாண்டுக்குள் பயன் என்ன என்று கேட்கும் இன்றைய நிதிக்குழுக்களிடம் போயிருந்தால் முதல் சுற்றிலேயே கோப்பை மூடியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வாசகிக்கு இன்னொன்று. பிறந்த வீட்டுப் பெயர் கியூபெக்கில் 1981 முதல் சட்டமாகவே இருக்கிறது. அங்கே குடியிருக்கும் பெண், திருமணத்தைக் காரணம் காட்டிக் கணவரின் பெயருக்கு மாற முடியாது. உங்களுக்கும் அதே சட்டம்தான்.